தாளம் பிடித்த விருந்தாளி

விழுப்புரம் சந்திப்பில் நள்ளிரவில் இறங்கி, வேறு வண்டிக்குக் காத்திருந்த அனுபவம் நம் வாசகர்களில் அநேகருக்கு உண்டு. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திக்குகளுக்கும் இருப்புப் பாதைகள் இங்கிருந்து பிரிகின்றன. புதுச்சேரிக் கிளைப் பாதை 1879ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. வண்டி மாறுவதற்கென்றே ஏற்பட்ட ஊர் போலும் என்று வெளியூரார் எண்ணுவதில் வியப்பில்லை. வடக்கே 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவிலுள்ள திண்டிவனத்தின் நிலையும் ஏறக்குறைய அதுவே. திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்பதே அவ்வூரின் பழம்பெயர் என்பர். இன்று புளிய மரங்களைவிடப் பேருந்துகளே அங்கு மிகுதி. இரண்டு ஊர்களுக்கும் இடையே முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலை, விக்கிரவாண்டிச் சுங்கச் சாவடி, தொலைவில் மயிலம் குன்றின் மேல் முருகன் கோவில், இருமருங்கும் கரும்பும் மல்லாட்டைக் கொல்லைகளும். பயணிகள் தேநீர் அருந்துவதற்கு இறங்குகிறார்கள், உடனே ஏறிவிடுகிறார்கள்.

ஆயினும், கடல் கடந்து வந்தவர் சிலர் இப்பகுதியில் இறங்கித் தங்கினர். சிலர் ஆண்டுக்கணக்கில் தங்கினர். அவர்களை இழுத்தது எது? செஞ்சிக் கோட்டை என்று வாசகர்கள் சொல்லக்கூடும். 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கைப்பற்றி, 1761இல் ஆங்கிலேயர் வசமான அக்கோட்டை 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அதைக் காண வருவோர் பலர். காலையில் ஏறி, நண்பகலில் இறங்கி, மாலையில் புதுச்சேரிக்குத் திரும்பிவிடுவர். இங்கேயே தங்கிவிட்டவர்களைப் பிடித்து வைத்தது கல்லன்று, கூத்து.

அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் செஞ்சி, மேலச்சேரி, திண்டிவனம் ஆகிய இடங்களில் நடைபெறும் திரௌபதியம்மன் விழாக்களையும், அவற்றில் இரவு முழுவதும் ஆடப்படும் பாரதக் கூத்துகளையும் கண்டு ஆராய்ந்து, 1988இலும் 1991இலும் இரண்டு பெரிய நூல்கள் வெளியிட்டார். அவர் நாட்டவரான ரிச்சர்டு ஃபிராஸ்கா தெருக்கூத்தைப் பற்றி எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது. நெதர்லாந்து நாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கென வந்த ஹன்னே டி ப்ரூயின் என்னும் அம்மையாரோ, கூத்துக் கலைஞர் ராஜகோபாலை மணந்து காஞ்சிபுரத்துப் பக்கமே குடியேறிவிட்டார். அவர்கள் இருவரும் மற்றக் கலைஞர்களும் சேர்ந்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். பின்னர் கிராமத்துச் சிறுவர் சிறுமியர் பள்ளிப் படிப்போடு கூத்தும் பயிலும் குருகுலம் ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தினர். பெண்கள் கூத்தாடலாகாது என்றிருந்த வழக்கம் அக்குருகுலத்தில் உடைந்தது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

நம் கத்தோலிக்கக் குடும்பத்தாருக்குக் கூத்து புதியதன்று. ஞானசௌந்தரி நாடகத்தை விடிய விடியப் பார்த்த பாட்டிமார் நம் பங்குகளில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டார் ஒருவர் கூத்துக்கு வந்தால் என்ன நேரும் என்பதை நேரில் கண்டாலன்றி அறிய இயலாது. பல ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஐரோப்பிய இளைஞர் ஒருவரை நாம் கண்டோம். முதல் இரவில் அவர் நாற்காலியில் அமர்த்தப்பட்டார். கழுத்தில் மாலை, கையில் குளிர்பானம். அவரிடம் இருந்த ஒலிப்பதிவுக் கருவியைச் சிறுவர் சூழ்ந்து நின்றனர். கூத்து அதன் போக்கில் நடந்தது; அவர் அதன் போக்கில் பதிவு செய்தார். பத்து மணிக்குத் தொடங்கிய ஆட்டம் முடிந்து பொழுது விடிந்தபோது மாலை வாடிக் கிடந்ததே தவிர, அவருக்கும் ஊருக்கும் ஒட்டு ஒன்றும் ஏற்படவில்லை.

மறுநாள் இரவு அவர் நாற்காலியை மறுத்துவிட்டார். ஆடுகளத்தின் பின்புறம் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் முகவீணைக்காரரும் அமரும் நீண்ட பெஞ்சின் கோடியில் இடம் கேட்டு உட்கார்ந்தார். வாத்தியார் அவரை ஏற இறங்கப் பார்த்து, ஒரு ஜோடித் தாளத்தை அவர் கையில் கொடுத்தார். கூத்துக்காரர் வீட்டுப் பையன் முதன்முதலில் தொடும் கருவி அதுவே. பத்து வயதுச் சிறுவன் செய்யும் வேலையைப் பல்கலைக்கழகப் பட்டதாரி செய்யலானார். அடிக்கடி தவறிற்று. தவறும்போதெல்லாம் பக்கத்திலிருந்த பின்பாட்டுக்காரர் தொடையில் தட்டிச் சரிசெய்தார். நள்ளிரவு தாண்டியபின் கட்டியக்காரன் வந்தான். கதைக்கு இடையே புகுந்து ஊர் நியாயங்களைப் பேசி, மணியக்காரர் முதல் மளிகைக் கடைக்காரர் வரை ஒருவரையும் விடாமல் கேலி செய்வது அவன் உரிமை. அன்று அவன் வெள்ளைக்காரருக்கு எதிரே போய் நின்று, “இவரு தாளம் போடுறாரா, கொசு அடிக்கிறாரா?” என்று கேட்டான். ஊரே குலுங்கிச் சிரித்தது. அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அவரும் சிரித்தார். கட்டியக்காரனின் கேலிக்கு ஆளானவன் அந்த ஊரான் ஆகிவிடுகிறான். மாலைக்கு அத்தகைய ஆற்றல் இல்லை. மூன்றாம் நாள் அவர் யார் வீட்டில் சாப்பிடுவது என்று இரண்டு குடும்பங்களுக்குள் மனத்தாங்கல் உண்டாயிற்று என்று கேள்வியுற்றோம்.

திண்டிவனத்திலிருந்து வந்தவாசி வழியாக வடக்கே சென்றால் செய்யாறு வட்டத்தில் புரிசை என்னும் ஊர் உண்டு. கண்ணப்பத் தம்பிரானின் கூத்து மரபினால் பெயர் பெற்ற ஊர் அது. பிரான்சு நாட்டில் அரியான் முனுஷ்கின் அம்மையார் 1964இல் நிறுவிய ‘தியாத்ர் து சொலெய்’, அதாவது சூரிய நாடகக் குழு, உலகெங்கும் புகழ் வாய்ந்தது. பாரிசு நகரில் 2015 நவம்பரில் நிகழ்ந்த பயங்கரத் தாக்குதல்களின் துயரம் ஆறாதிருந்த நாட்களில் அக்குழுவினர் புதுச்சேரிக்கு வந்து தங்கினர். அவர்களுக்குத் தெருக்கூத்தைக் கற்பிக்கும் ஆசானாக அமைந்தவர் கலைமாமணி புரிசை கண்ணப்ப சம்பந்தத் தம்பிரான். பல ஆண்டுகள் மேடையேறிப் பழகிய நடிகர்கள் அடவுகளை முதலிலிருந்து கற்றனர். தமிழ்ப் பாடல்களைத் தமிழிலேயே மனனம் செய்தனர். 2016 நவம்பரில் பாரிசின் எல்லையிலுள்ள வின்சென் காட்டில், முன்பு வெடிமருந்துத் தொழிற்சாலையாக இருந்து இப்போது அரங்கமாக விளங்கும் இடத்தில், ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற நாடகம் அரங்கேறியது. அதன் நடுவே திரௌபதி துகிலுரிதலும் கர்ணனின் இறுதியும் தெருக்கூத்தாகவே நிகழ்ந்தன. பிரெஞ்சுக்காரர் கூடியிருந்த அவையில் நம் தொண்டை மண்டலத்து மெட்டுகள் ஒலித்தன. பின்னர் நியூயார்க் நகரத்தாரும் அதைக் கண்டனர்.

இதை வாசிக்கும் அன்பர்கள், “அவர்கள் நம் கலையைக் கொண்டுபோய்விட்டார்களே” என்று எண்ண வேண்டாம். பண்டங்களைப் போலன்றி, பாட்டு கொடுத்தவரிடமும் இருக்கும். கூத்துக்காரர் இசைக்கும் ஆர்மோனியப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். அது பாரிசு நகரில் பிறந்தது. அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1842இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பாதிரிமார் அதை இந்நாட்டிற்குக் கொண்டுவந்தனர். காலால் மிதித்துக் காற்றூட்டிய அக்கருவியைத் தரையில் சம்மணமிட்டு ஒரு கையால் துருத்தியை அசைத்து வாசிக்கும் பெட்டியாகக் கல்கத்தாவில் மாற்றி அமைத்தனர். அது நம் சுரங்களுக்கு ஒவ்வாத அந்நியக் கருவி என்று சொல்லி, அகில இந்திய வானொலி 1940 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதற்குத் தடை விதித்திருந்தது. வித்துவான்களின் வழக்கு எதுவாயினும், நம் கிராமத்துக் கூத்துக்காரர் அத்தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. பாடகரின் சுருதிக்குத் துணை நிற்கிறது, விடியும்வரை தளர்வதில்லை, மாட்டு வண்டியிலும் ஏற்றிச் செல்லலாம். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்று ஆர்மோனியம் இல்லாத கூத்தும் இல்லை. நம் பங்குகளின் பாடகர் குழுவும் இல்லை.

இக்கரையிலிருந்து சென்றவர்களையும் நினைக்க வேண்டும். 1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853இல் ‘ஒரேலி’ என்னும் கப்பல் முதன்முதலாக நம்மவரை மர்த்தினிக் தீவில் இறக்கியது. 1854ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் வேளையில் அதே கப்பல் குவாதலூப் தீவை அடைந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் மர்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும், குவாதலூப்புக்கு 40,000க்கு மேற்பட்டோரும் சென்றனர். அவருள் மிகப் பலர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள். ஒப்பந்தத் தாளையும் ஒரு துணி மூட்டையையும் தவிர அவர்கள் கொண்டு சென்றது அதிகமில்லை. மொழியும் இரண்டு மூன்று தலைமுறைகளில் மறைந்து போயிற்று. ஆனால் குவாதலூப்பில் நாடகம் ‘நாத்ரோன்’ என்ற பெயரில் தங்கிற்று. மத்தளம் ‘மத்தலோன்’ ஆயிற்று. இந்துமாக் கடலிலுள்ள ரெயூனியோன் தீவில் தமிழ்க் கூத்தைப் ‘பால் தமூல்’ என்றனர். அதை முன்னின்று நடத்தும் வாத்தியார் ‘வர்த்தியால்’ ஆனார். பாடுகிறவருக்கே பொருள் விளங்காத நிலையிலும் பாட்டு நிலைத்தது. ஒரே தோட்டத்தில் கரும்பு வெட்டிய ஆப்பிரிக்க வழித்தோன்றல்களோடு முதலில் பேசிக்கொண்டது எந்த மொழியில் என்று கேட்டால், தோற்கருவியின் மொழியில் என்று சொல்வது மிகையாகாது என்பது நம் எண்ணம்.

நமக்கும் அயல்நாட்டில் வாழ்ந்த அனுபவம் சிறிது உண்டு. தென் பிரான்சில் சிறு நகரம் ஒன்றின் பங்குத் தந்தை விடுமுறையில் சென்றபோது, ஒரு மாத காலம் அவருக்குப் பதிலாகத் திருப்பலி நிறைவேற்றும் பணி நமக்கு வாய்த்தது. ஞாயிறுதோறும் முப்பது நாற்பது பேர் வருவர். பூசை முடிந்ததும் வாசலில் கைகுலுக்கி, “வணக்கம், தந்தையே” என்று சொல்லிச் சென்றுவிடுவர். மரியாதையில் குறைவில்லை, ஆயினும் வாரம் முழுவதும் நம்மோடு பேச ஆளில்லை. மாலைதோறும் கோவிலுக்கு எதிரேயுள்ள மர நிழலில் முதியவர்கள் இரும்புக் குண்டுகளை எறிந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். ‘பெத்தாங்க்’ என்பது அதன் பெயர். புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் ஓய்வு பெற்ற படைவீரர்களும் அவர்தம் பிள்ளைகளும் இதை ஆடக் கண்ட வாசகர்கள் இருக்கலாம். ஒரு சிறு மரப் பந்தை முதலில் எறிந்து விடுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பன்றிக்குட்டி! அப்பன்றிக்குட்டிக்கு யாருடைய குண்டு மிக அருகில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. 13 புள்ளி எடுத்தவர் வென்றவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மர்சேய் நகருக்கு அருகே இவ்வாட்டம் தோன்றியது. அதுவரை ஓடிவந்து குண்டெறியும் ஆட்டம் இருந்தது. மூட்டு வலியால் ஓட முடியாத நண்பர் ஒருவரும் சேர்ந்துகொள்ளும் பொருட்டு, இரு கால்களையும் ஊன்றி நின்று எறியலாம் என்று விதியை மாற்றினார்கள் என்பது அங்கு வழங்கும் வரலாறு. ஒருவருக்காக விதியைத் தளர்த்திய ஆட்டம் என்பதே அதன்பால் நமக்கு ஒரு மதிப்பை உண்டாக்கியது.

மூன்று மாலைகள் வேலியோரம் நின்று பார்த்தோம். நான்காம் நாள் ஒரு பெரியவர் ஒன்றும் பேசாமல் குண்டொன்றை நீட்டினார். கோலி ஆடிய கை நம்முடையது. விழுப்புரத்துத் தெருப் புழுதியில் கற்ற குறி. முதல் எறியிலேயே எதிராளியின் குண்டு பத்தடி தள்ளிப் போயிற்று. “எங்கே பழகினீர்கள்?” என்று கேட்டார்கள். கோலியைப் பற்றி உடைந்த பிரெஞ்சில் விளக்கினோம். கட்டை விரலை ஊன்றி நடுவிரலை வளைத்துச் சுண்டிக் காட்டினோம். எண்பது வயதுக் கிழவர்கள் நால்வர் கூழாங்கற்களை வைத்துக்கொண்டு மண்ணில் மண்டியிட்டுச் சுண்டிப் பார்த்த காட்சியை மறக்க இயலாது. அதன்பின் நாம் பெரும்பாலும் தோற்றோம். அது பற்றி அவர்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. மூன்றாம் வாரத்தில் அவருள் ஒருவர், தாம் கோவிலுக்குள் வந்து நெடுங்காலம் ஆயிற்று என்றும், நோயுற்றுப் படுத்திருக்கும் தம் மனைவியை நாம் வந்து பார்க்கலாகுமா என்றும் தலை கவிழ்ந்து கேட்டார். சென்றோம். வாசலில் கைகுலுக்கிய முப்பது பேரில் எவரும் அதுவரை தம் வீட்டுக் கதவை நமக்குத் திறந்ததில்லை.

இந்த இடத்தில் வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல விழைகிறோம். விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் பிழைக்கச் சென்றிருக்கும் இளைஞர் நம் பங்குகளிலும் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறையில் நம்மவர் நம்மவரோடு கேரம் ஆடுகிறார்கள். கைப்பேசியில் நம் படம் பார்க்கிறார்கள். குற்றம் சொல்லவில்லை, தனிமையின் மருந்து அது. ஆனால் அடுத்த அறையில் பிலிப்பைன்ஸ் நாட்டார் இருப்பார்கள். ஞாயிறு வழிபாட்டுக்கு ஒரே கோவிலுக்கு வருவார்கள். அவர்கள் நாட்டில் ‘சுங்கா’ என்று ஓர் ஆட்டம் உண்டு. இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, இரு முனைகளிலும் பெரிய குழி ஒவ்வொன்று, போடுவது சோழி. நம் பாட்டிமாரின் பல்லாங்குழியைப் பார்த்த எவரும் அதைக் கண்டவுடன் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம். நம் ஊர் மல்லாட்டையின் பெயரில் மணிலா நகரம் ஒளிந்திருப்பதைச் சொன்னால் அவர்களும் சிரிப்பார்கள்.

பல்லாங்குழி செய்த அற்புதம் ஒன்றை நாம் நேரில் கண்டோம். தான்சானியா நாட்டுக் கன்னியர் ஒருவர் சில நாட்கள் நம் பக்கத்தில் தங்கியிருந்தார். தமிழ் தெரியாது, உடன் வந்த சகோதரியின் துணையின்றி எவரோடும் பேச இயலாது. நோயுற்ற மூதாட்டி ஒருவரைச் சந்திக்கச் சென்றபோது பரணில் கிடந்த பல்லாங்குழிப் பலகையைக் கண்டார். உடனே முகம் மலர்ந்து “பாவோ!” என்றார். அவர்கள் நாட்டுப் பலகையில் நான்கு வரிசை, வரிசைக்கு எட்டுக் குழி. நம் ஆட்டத்தில் கையிலுள்ள முத்துகள் தீர்ந்தால் அடுத்த குழியிலிருந்து அள்ளுவோம். அவர்களோ கடைசி முத்து விழுந்த குழியிலிருந்தே அள்ளுவர். இந்த ஒரு வேறுபாட்டைக் கிழவி அவருக்குக் கற்பித்த விதம் காணத்தக்கது. கன்னியர் தவறான குழியில் கை வைக்கும்போதெல்லாம் புறங்கையில் ஒரு தட்டு! குழியில் நான்கு முத்து சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளும் விதியைச் சொல்ல, “அம்மா” என்று மாடுபோல் கத்திக் காட்டினார். ஒரு மாதமாகச் சோறு செல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் அன்று எழுந்து உட்கார்ந்து இரண்டு ஆட்டம் ஆடினார். இரண்டிலும் வென்றார். தோற்ற சகோதரியின் கன்னத்தைத் தடவி, “நாளைக்கும் வாடியம்மா” என்றார்.

இனிச் சொல்லப்போவது அவ்வளவு எளிதான செய்தியன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஆகஸ்டு மாதத்தில், விண்ணேற்பு அன்னையின் திருவிழாவை ஒட்டிப் பிரான்சு நாட்டு இளைஞர் எட்டுப் பேர் நம் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில் தங்கினர். மாலையில் சடுகுடு. ஒரே மூச்சில் பாட்டுப் பாடிக்கொண்டு எதிரணிக்குள் புகுவது நம் பழைய வழக்கம்; பாட்டும் விளையாட்டும் அங்கே ஒன்றுதான். விருந்தாளிப் பையன் ஒருவன் ‘கபடி’ என்று சொல்ல நாக்குத் திரும்பாமல் தன் தங்கையின் பெயரையே மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு பாய்ந்தான். நடுவர் அதை ஏற்றார்!

இரவில் அவர்களுக்குப் பறையொலி கேட்டது. எங்கிருந்து என்று கேட்டார்கள். வாய்க்காலுக்கு அப்பால் காலனியிலிருந்து. போகலாமா என்றார்கள், ஏன் போகக் கூடாது என்று அழைத்துச் சென்றோம். வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்த முதியவர் எழுந்து நின்றார். அவ்விருந்தினருள் ஒரு பெண் தரையில் அமர்ந்து கற்றுக்கொடுக்கும்படி சைகை செய்தாள். அவர் அவள் தோளில் பறையை மாட்டி, வலக்கையில் அடிக்குச்சியும் இடக்கையில் நீண்ட சிம்புக் குச்சியும் கொடுத்தார். “கையைப் பாக்காதம்மா, காலைப் பாரு. கால் தப்புனா கை தானாத் தப்பும்” என்றார். நாம் மொழிபெயர்க்கும் முன்பே அவள் கால் அசையத் தொடங்கிவிட்டது. நான்கு இரவுகள் அவர்கள் அங்கேயே இருந்தனர். அவ்வீடுகளில் தேநீர் அருந்தினர்; கேழ்வரகுக் கூழும் குடித்தனர்.

ஊர்த்தெரு இளைஞர் வாய்க்காலின் இக்கரையில் நின்று பார்த்தனர். அத்தனை பேரும் நம்மிடம் ஞானோபதேசம் படித்த பிள்ளைகள். பிறந்த நாள் முதல் அந்தப் பறையைக் கேட்டு வளர்ந்தவர்கள்; அந்த முற்றத்தில் அவர்கள் உட்கார்ந்ததில்லை. 6,000 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்தவர்கள் ஓர் இரவில் கடந்த வாய்க்கால் அது. வந்தவர்கள் அறியாமையினால் கடந்தார்கள், அறிந்திருந்தால் தயங்கியிருப்பார்கள் என்று சிலர் நம்மிடம் சொன்னார்கள். அந்த அறியாமை நமக்கும் வாய்க்காதா என்பதே நம் ஏக்கம். 2008 மார்ச்சில், அப்போது நம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், கிறிஸ்தவர்களுக்குள்ளேயே எழுந்த சாதிப் பூசல் துப்பாக்கிச் சூடு வரை சென்று இரண்டு உயிர்கள் மாண்டதை நாம் எவரும் மறக்கவில்லை. மூன்றாம் இரவில் விருந்தாளிப் பெண் கை காட்டி அழைத்தாள். ஊர்த்தெருப் பையன்களில் மூவர் வாய்க்காலைத் தாண்டி வந்தனர். ஒருவன் குச்சியை வாங்கி அடித்தும் பார்த்தான். விருந்தினர் சென்றபின் அவர்கள் மீண்டும் அங்குச் சென்றார்களா என்று வாசகர்கள் கேட்கலாம். ஒருவன் செல்கிறான். அவன் வீட்டில் அதற்கு நடந்த பேச்சு வார்த்தைகளை இங்கு எழுத வேண்டாம்.

கடைசி இரவில் இளைஞர்கள் ஆடிக்கொண்டிருக்க, முதியவர் நம் அருகில் வந்து அமர்ந்தார்.

“சாமி, இதுங்க ஊர்ல நம்ம ஆளுங்க இருக்காங்களா?”

மர்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குப் போனவர்களைப் பற்றிச் சொன்னோம். கரும்பு வெட்டியதையும், தமிழ் மறந்ததையும் சொன்னோம்.

“தப்பை வெச்சிருக்காங்களா, விட்டுட்டாங்களா?”

“வைத்திருக்கிறார்கள், பெரியவரே. அங்கே அதன் பெயரும் தப்புதான்.”

“சாவுக்கு அடிக்கிறாங்களா?”

“சாமிக்கு அடிக்கிறார்கள். கோவில் விழாவில், எல்லாருக்கும் நடுவில் நின்று.”

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து சென்று, அணையத் தொடங்கிய தீயில் இரண்டு பிடி வைக்கோலைப் போட்டு, பறையைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சலானார்.